அக்காவின் மஞ்சள் பையும் வங்கியின் கேள்வியும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் பார்த்தாகிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் மூன்றாவதாக ஒன்றையும் பார்த்தேன். மகனுக்கு வீட்டுக் கடன் வாங்கிக் கொடுப்பது. கடன் கிடைப்பது இப்போதெல்லாம் பெரிய காரியமில்லை. நம் கையிலிருந்து போடும் முன்பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கிக்குச் சொல்வதுதான் பெரிய காரியம்.

அந்தக் கேள்வியைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கேள்வி நியாயமானது என்பதே அது. ஆனால் அதற்கு வங்கி எதிர்பார்க்கும் பதில் சில சமயம் நியாயமாக இருப்பதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

2025 பிப்ரவரியில் என் மகன் தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தனி வீடு பார்த்தான். விலை 48 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். ஆக எங்களுக்கு 38 லட்சத்து 40 ஆயிரம் வரை கடன் கிடைக்கும். மீதி 9 லட்சத்து 60 ஆயிரம் எங்கள் பங்கு.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் பத்திரச் செலவு நிற்கிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 9. வாங்குகிற விலைக்கே பதிவு செய்வது என்று முடிவெடுத்ததால் 4 லட்சத்து 32 ஆயிரம். இதை வீட்டின் மதிப்போடு சேர்த்து வங்கி கடன் தராது. முழுக்க நம் கையிலிருந்துதான். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 14 லட்சம் ரூபாய். வீடு பார்க்கிற பிள்ளைகள் முதலில் மறந்துபோவது இந்த ஒன்பதைத்தான்.

மகனும் மருமகளும் சேர்த்து வைத்தது, பி.எஃப். எடுத்தது எல்லாமாக 7 லட்சம். என் கணக்கிலிருந்து நான் கொடுத்தது 2 லட்சத்து 80 ஆயிரம். 4 லட்சத்து 20 ஆயிரம் குறைந்தது. என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து இறங்கினாள்.

அக்காவுக்கு 74 வயது. திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிராமம். அத்தான் காலமாகிப் பல வருஷமாகிறது. மடத்து நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி. இரண்டு கறவை மாடு. ஒரு மகன் திருப்பூரில், இன்னொருவன் ஊரில் அவளோடு. அவள் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த மஞ்சள் பையில் மேலே கொஞ்சம் முருங்கைக்காய், நடுவில் பழைய புடவை, அடியில் 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்.

"வச்சுக்க தம்பி. பெரியவன் மக கல்யாணம் வர்றப்ப குடுத்தாப் போதும். அதுக்கு ரெண்டு வருஷமாவும்" என்றாள்.

அஞ்சல் துறையில் 36 வருஷம் இருந்தவன் நான். சப் போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றேன். ரொக்கத்தைக் கண்டு பயப்படுகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பையை நான் கையில் வாங்கவில்லை. காரணம், வருமான வரிச் சட்டம் கொஞ்சம் தெரியும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட இடமுண்டு. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே, வரி கட்டுகிற வருமானம் ஏதும் இல்லை என்றால் விலக்கு உண்டு. எனக்குப் பென்ஷன், மகனுக்குச் சம்பளம். விலக்கு கிடையாது. 2017 ஏப்ரல் முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. கூடப் பிறந்தவள் அன்பாகக் கொடுத்தாலும் இது பொருந்தும்.

மறுநாள் காலை அக்காவையும் பையையும் அழைத்துக்கொண்டு அவள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குப் போனேன். அவளுக்குப் பான் அட்டை இல்லை. அப்போது ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் வேண்டியிருந்தது, இல்லாதவர்கள் படிவம் 60 எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்துப் பணத்தை அவள் கணக்கிலேயே கட்டி, அங்கிருந்து மகன் கணக்குக்கு அனுப்பினோம். சட்டப்படி சுத்தமாகச் செய்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பெருமை ஒரு வாரம் நின்றது.

கடன் கொடுக்க இருந்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். எந்த வங்கி என்பது வேண்டாம், எல்லா வங்கியும் கேட்பதைத்தான் அவர்களும் கேட்டார்கள். கடன் பிரிவில் இருந்தது ஒரு சின்னப் பெண். என் மகளாக இருக்கும் வயது. மரியாதையாகப் பேசினார்.

"சார், ஆறு மாச ஸ்டேட்மென்ட்ல இந்த ஒரு வரவு மட்டும் பெரிசா இருக்கு. இது என்ன பணம் சார்?"

"என் அக்கா கொடுத்தது. அவங்க கணக்கிலேர்ந்துதான் வந்திருக்கு."

"பார்த்தேன் சார். அவங்க பாஸ்புக்கையும் வாங்கிட்டு வாங்க."

பாஸ்புக்கில் என்ன இருக்கும்? இருப்பு ஆறாயிரத்துச் சொச்சம். திடீரென்று ஒருநாள் 4 லட்சத்து 20 ஆயிரம் ரொக்க வரவு. அன்றைக்கே அத்தனையும் வெளியே. அந்தப் பெண் விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

வெளியே வந்ததும் மகனுக்கு ஒரே கோபம். "அத்தையைத் திருடின்னு சொல்றாங்களா?" என்றான். நம்மில் பலருக்கு இந்த இடத்தில் வருவது இதே கோபம்தான். வெயிலில் நின்று நாற்று நட்டுச் சேர்த்த காசை எங்கே எடுத்தாய் என்று கேட்டால் சுடத்தான் செய்யும். ஆனாலும் கேள்வி நியாயமானது என்றே இப்போதும் சொல்கிறேன்.

என் உத்தியோக காலத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். 1986-ல் இந்திரா விகாஸ் பத்திரம் என்று ஒன்று வந்தது. பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐந்து, ஐந்தரை வருஷத்தில் பணம் இரட்டிப்பு. அதில் வாங்குகிறவர் பெயரே கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவருடையது. நானே கவுண்டரில் உட்கார்ந்து விற்றிருக்கிறேன். பணம் எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்டதில்லை, சர்க்காரும் கேட்கச் சொன்னதில்லை. நல்லவர்களும் வாங்கினார்கள், கணக்கில் வராத பணத்தைப் பதுக்குகிறவர்களும் வாங்கினார்கள். வீட்டில் பத்திரம் தொலைந்துபோய் அழுதுகொண்டு வந்த ஏழைகளையும் பார்த்தேன். பெயர் இல்லாததால் நகல் கொடுக்க வழியில்லை. 1999-ல் அதை நிறுத்தினார்கள். பெயரில்லாத பணம் திருடனுக்கும் பாதுகாப்பு, யோக்கியனுக்கு மட்டும் பாதுகாப்பில்லை என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பிறகு காலம் மாறியது. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2005 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வங்கிகள் பெரிய ரொக்க நடமாட்டத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும். சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயோ மேலோ ரொக்கம் விழுந்தால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகிறது. வங்கி கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பணமே இன்னொரு இடத்தில் வாங்கிய கடன் என்றால், மாதாமாதம் இரண்டு இடத்துக்குக் கட்ட வேண்டும். அந்தப் பாரத்தைத் தாங்க முடியாத குடும்பம் ஒருநாள் வீட்டை விடும். ஊரார் வைத்திருக்கும் டெபாசிட்டைத்தானே வங்கி கடனாகக் கொடுக்கிறது? கேட்கத்தான் வேண்டும்.

சரி, பதில் சொல்லலாம் என்று நானும் அக்காவும் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 4 லட்சத்து 20 ஆயிரத்தைப் பிரித்தோம்.

நெல்லில் மிஞ்சியது 90,000. இரண்டு சம்பாவில் செலவு, குத்தகை எல்லாம் போக நின்றது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. அந்த வருஷம் பொது ரகம் குவிண்டால் 2,405, சன்ன ரகம் 2,450. பாஸ்புக்கில் வரவு இருக்கிறது. ஆனால் வந்த மறுநாளே முழுக்க எடுத்திருக்கிறாள். நிலம் மடத்தின் பெயரில் இருப்பதால் சிட்டாவில் அவள் பெயர் வராது. கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல் சான்றும் மடத்துக் குத்தகை ரசீதும்தான் ஆதாரம். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் பயிர் செய்கிற எத்தனையோ குடும்பங்களுக்கு இதே நிலைதான். மூன்று தலைமுறையாக உழுவார்கள், காகிதத்தில் ஒரு குழிகூட அவர்கள் பெயரில் இருக்காது.

பால் காசு 45,000. சொசைட்டி அட்டை இருக்கிறது.

ஏலச்சீட்டில் எடுத்தது ஒரு லட்சம். தெருவில் ஓர் அம்மா பிடிக்கிற சீட்டு. 1982-ம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததல்ல. அந்த அம்மாவின் நாற்பது பக்க நோட்டுதான் எல்லாம்.

மிச்சம் 1 லட்சத்து 85 ஆயிரம் பேரன் காதுகுத்தில் வந்த மொய், விருந்துச் செலவு போக.

"இதையெல்லாம் ஏன் அக்கா பெட்டியில வச்சிருந்தே? பேங்க்ல கிடந்திருந்தா இந்தக் கேள்வியே இல்லையே" என்றேன்.

"2016 மறந்துபோச்சா?" என்றாள்.

மறக்கவில்லை. அந்த நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 செல்லாது என்று அறிவித்தபோது அவள் கடைசிப் பெண்ணுக்குக் கார்த்திகை மாதம் முகூர்த்தம் குறித்தாகியிருந்தது. கணக்கில் பணம் இருந்தது. வாரத்துக்கு 24,000-க்கு மேல் எடுக்க முடியாது. கல்யாணத்துக்கு இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்றார்கள். அதற்குப் பத்திரிகை வேண்டும், யார் யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்ற விவரம் வேண்டும். பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் எழுதி வாங்க அவள் அலைந்தாள். அவள் பணத்தை அவளே கேட்டு நின்ற அந்த வரிசைக்குப் பிறகு, கணக்கில் விழுவதை அன்றே எடுத்துத் தகரப் பெட்டியில் வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

மறுபடி வங்கிக்குப் போனபோது பாஸ்புக், அடங்கல் சான்று, பால் சொசைட்டி அட்டை இவற்றோடு மொய் நோட்டையும் எடுத்துப் போனேன். அந்தப் பெண் அதைத்தான் ஆர்வமாகப் புரட்டினார். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், முன்பு நாம் அவர்களுக்குச் செய்தது எவ்வளவு என்று அக்கா மகனின் பென்சில் குறிப்பு. எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாத பேரேடு.

"எங்க ஊர்லயும் உண்டு சார். ஆனா சிஸ்டத்துல ஏறாது" என்றார் சிரித்துக்கொண்டே.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்து நடப்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே, ஆடி மாதத்தில் பலர் சேர்ந்து பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, மொய் வாங்குவது. வட்டியில்லாத முதல் அது. வாங்கியவர் அதைவிடக் கொஞ்சம் கூடவே திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் கோர்ட்டு கிடையாது, ஊரில் தலை நிமிர முடியாது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், தென்னை வைத்தார்கள், கடை போட்டார்கள். அது கடனா, பரிசா? இரண்டும் இல்லை, இரண்டும்தான். வரிச் சட்டத்துக்கு இந்த இடைப்பட்ட சரக்கு புரிவதில்லை. கல்யாணத்தில் மணமக்களுக்கு வருகிற பரிசுக்கு வரி இல்லை. மற்ற விசேஷங்களில் உறவினர் அல்லாதவர்கள் கொடுத்தது வருஷத்தில் மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் அது வருமானம். அக்காவுக்கு அதைச் சேர்த்தாலும் வரி கட்டும் அளவுக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் வங்கி இறங்கி வந்தது. மூலத்துக்கு இவ்வளவு ஆதாரம் போதும், இனி ஒரே ஒரு கடிதம் கொடுத்தால் கோப்பு நகர்ந்துவிடும் என்றார்கள். ஒரு மாதிரியும் கொடுத்தார்கள். "என் தம்பி மகனுக்கு இத்தொகையை அன்பின் பேரில் பரிசாகக் கொடுத்துள்ளேன். இதைத் திரும்பத் தர வேண்டியதில்லை. வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை." கீழே அக்காவின் கையெழுத்துக்கு இடம்.

நான் சொன்னேன், "இது திருப்பித் தர வேண்டிய பணம்மா."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார். "கடன்னு எழுதினா இது உங்க சொந்தப் பங்கு ஆகாது சார். கடன் தொகையைக் குறைக்க வேண்டியிருக்கும். எல்லாரும் இப்படித்தான் எழுதிக் குடுக்குறாங்க."

எல்லோரும் இப்படித்தான். நண்பர்களும் அதையே சொன்னார்கள். வீட்டுக்காரியும் சொன்னாள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு நேரம் வரும்போது கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பத்திரம் பதியப் பேசிய நாளுக்கு இன்னும் மூன்று வாரம். தாமதமானால் கொடுத்திருந்த அட்வான்ஸ் ஒரு லட்சம் போகும்.

மாதிரியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். படித்துக் காட்டலாம் என்று கண்ணாடியை மாட்டினேன். அதற்குள் அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள். "எங்க போடணும் தம்பி?" என்றாள்.

படிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை.

அந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. நாளைக்கு நான் கண்ணை மூடலாம். அவளும் மூடலாம். என் மகன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கும் கஷ்ட காலம் வரலாம். அப்போது அக்காவின் பிள்ளைகள் வந்து, அம்மா கொடுத்த பணம் எங்கே என்று கேட்டால், இதோ பரிசு என்று உங்கள் அம்மாவே எழுதியிருக்கிறாள் என்று ஒரு காகிதம் இருக்கும். பணத்தையும் கொடுத்து, பரிசு என்று கையெழுத்தும் போட்டுவிட்டால் அதைத் திரும்பக் கேட்க அவளுக்கு வழியே கிடையாது. ஒரு புரோநோட்டு எழுதினால்கூட மூன்று வருஷம் உயிர் இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. அந்தக் காகிதம் வங்கியைக் காப்பாற்றும், என் மகனைக் காப்பாற்றும். அக்காவை யார் காப்பாற்றுவது? பேரேட்டில் ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிற குடும்பத்தில், பெரிய தொகை ஒன்றைப் பொய்யாக எழுதச் சொல்வது அவள் தம்பியான நான்.

பேனாவை வாங்கி வைத்தேன். "வேண்டாம் அக்கா" என்றேன்.

சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 2022 ஜனவரியில் போட்ட 5 லட்ச ரூபாய்க் கணக்கு ஒன்று எனக்கு இருந்தது. வட்டி 7.4 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 9,250 ரூபாய் வரும். எங்கள் இருவர் மாத்திரைச் செலவு அதில்தான் ஓடியது. இரண்டு வருஷம் தாண்டி, ஐந்து வருஷத்துக்குள் முடித்தால் 1 சதவீதம் பிடித்தம். 5,000 ரூபாய் போனது. மீதியிலிருந்து மகனுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கொடுத்து, நானே பரிசுக் கடிதம் எழுதினேன். தகப்பன் மகனுக்குக் கொடுப்பது, திரும்ப வேண்டாம் என்பது நிஜம். அக்கா பணம் மகன் கணக்கிலிருந்து அவள் கணக்குக்கே திரும்பிப் போனது. கடனைத் திருப்பித் தருவதும் 20,000 ரூபாயோ மேலோ என்றால் ரொக்கமாக இருக்கக் கூடாது என்பதால் வங்கி மூலம்தான். குறித்த நாளில் பத்திரம் பதிந்தோம்.

எனக்கு எடுத்துக் கொடுக்க ஒரு கணக்கு இருந்தது, செய்தேன். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பொய்யில் கையெழுத்துப் போடுவார்கள். அல்லது வீட்டை விடுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வங்கிகளுக்கு நான் சொல்வது இதுதான். பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நன்றாகத் துருவிக் கேளுங்கள். ஆனால் பதிலுக்குப் 'பரிசு', 'கடன்' என்ற இரண்டே கட்டங்களை வைத்துவிட்டு, கடன் என்றால் கோப்பு நிற்கும், பரிசு என்றால் நகரும் என்று சொன்னால், உண்மை பேசுகிறவனுக்குத்தான் தண்டனை. 'குடும்பத்துக்குள் வாங்கிய வட்டியில்லாத கைமாற்று, இந்த வருஷம் திருப்ப வேண்டியது' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் வையுங்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மாதத் தவணைக்குத் தகுதி எவ்வளவு என்று பார்த்துச் சற்றுக் குறைத்தே கொடுங்கள். உங்களுக்கும் உண்மையான கணக்கு கிடைக்கும். மாதச் சம்பளக்காரனின் பணம் மாதாமாதம் ஒரே தேதியில் வரும். காவிரிக் கரையில் பணம் அறுவடைக்கு வரும், விசேஷத்துக்கு வரும், சீட்டு விழும்போது வரும். மொத்தமாக வருவதெல்லாம் கறுப்புப் பணம் ஆகிவிடாது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் வீடு வாங்குகிற நம் பிள்ளைகளிடமும் இதே கடிதத்தைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் தர வேண்டியதில்லை, வீட்டில் உரிமை இல்லை என்று கொடுத்தவர் எழுத வேண்டும். அமெரிக்காவிலும் வங்கிக் கணக்கு விவரம், பரிசுக் கடிதம் எல்லாம் உண்டு. ஊரில் நிலத்தை விற்றோ நகையை வைத்தோ பணம் அனுப்புகிற அப்பா அம்மாக்கள், கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். உண்மையிலேயே பரிசு என்றால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் அது உங்கள் முதுமைக்கு வைத்த பணம்.

நம்மவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். பிள்ளைகள் வீடு பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே பணத்தை அவரவர் பெயரில் கணக்கில் போட்டுவிடுங்கள். கணக்கில் ஆறு மாதம் கிடந்த பணத்தைக் கேட்கிற கேள்வி குறைவு. கொள்முதல் நிலைய ரசீது, அடங்கல், குத்தகை ரசீது, பால் அட்டை, நகை விற்ற பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். நெல்லை வியாபாரிக்குப் போட்டாலும் துண்டுச் சீட்டில் பெயர், தேதி, எடை, தொகை எழுதி வாங்குங்கள். மொய் நோட்டைப் பரணில் எறியாதீர்கள். உறவுக்குள் கைமாற்று என்றாலும் வங்கி மூலம் கொடுங்கள், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்பது நம்பிக்கையில்லாததால் அல்ல. நாம் இல்லாதபோதும் பேச ஒரு சாட்சி வேண்டும் என்பதால்.

அக்காவுக்கு என் மேல் வருத்தம். "ஏன், என் காசு உனக்கு ஆவாதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு இரண்டு மாதம் போன் எடுக்கவில்லை. எடுத்துச் சொல்ல முயன்றேன். சட்டமெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. கொடுத்ததைத் தம்பி திருப்பி அனுப்பிவிட்டான், அது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. நான் செய்தது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மாதமும் சரியாகத் தூங்கவில்லை.

வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாளே வந்துவிட்டாள். மொய் எழுத உட்கார்ந்தவரிடம் முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொன்னாள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகப் பேச்செடுத்தேன். ஆனி பிறந்ததும் அவளுக்குப் பான் அட்டை வாங்கி, 4 லட்சத்தைத் தபாலாபீசில் அவள் பெயரிலேயே சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டோம். நாமினி பேத்தி. வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு 8,200 ரூபாய். பேத்தி கல்யாணம் வரும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் காட்டப் பாஸ்புக் இருக்கிறது.

மிச்சம் 20,000-ஐ என்ன செய்தாய் என்று கேட்டேன். தகரப் பெட்டியில்தான் இருக்கிறதாம்.